பழுது காணும் முறை
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய பெருமக்கள் கல்வியின் சிறப்பை விரிவாக எடுத்துரைத்தார்கள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமன்று. சால்டரிங் இரும்பைப் பிடித்துப் பழகிய கை இது. ஆகவே, மின்சாரப் பொருளொன்று பழுதுபட்டால் அப்பழுதைக் காண்பது எங்ஙனம் என்பதை மட்டும் சொல்லி அமர்கின்றேன்.

என் 17ஆம் வயதில் ஒரு நகரத்தில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையொன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். மேசைமீது ஒரு மல்டிமீட்டர் இருக்கும். அதன்மேல் படியும் தூசியை நாள்தோறும் நான் துடைக்க வேண்டும். ஆனால் அதைக் கொண்டு ஓர் அளவெடுக்க எனக்கு இசைவில்லை. மூன்றாண்டுகள் பெட்டிகளைத் திறந்தேன், மூடினேன், மாற்றச் சொன்னதை மாற்றினேன். ஏன் மாற்றுகிறோம் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், பல வேளைகளில் கடைக்காரருக்கும் தெரியாது. முதலில் ஒரு கண்டென்சர், அது பயன்படாவிட்டால் ஒரு டிரான்சிஸ்டர், பின்னர் மற்றொன்று என்று ஊகத்தாலேயே வேலை நடந்தது. கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பழைய மீட்டரை நானே வாங்கிய பிறகுதான் தொழில் எனக்கு விளங்கத் தொடங்கிற்று.

இன்று காலை இந்த ஒலிபெருக்கி உறுமியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் செய்தது ஒன்றுதான். மைக்கின் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கினேன். உறுமல் நின்றது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஒலிபெருக்கிகளும் பழுதற்றவை; குற்றம் வயரிலோ மைக்கிலோதான் இருக்க வேண்டும். வயரை மேல் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னல் முனையில் அறுந்திருந்தது. மைக்கைப் பிடுங்கியும் உறுமல் நிற்காதிருந்தால், மின்வழங்கிப் பகுதியிலுள்ள பெரிய கண்டென்சரை ஐயுற்றிருப்பேன். பாதியாகப் பிரித்து, நல்ல பாதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மீண்டும் பாதியாக்குவதே முறை. பதினாறு பகுதிகள் கொண்ட கருவியிலும் நான்கு சோதனைகளில் பழுதுள்ள பகுதியை எட்டிவிடலாம்.

நான்கு பாட்டரி போடும் டிரான்சிஸ்டர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒலியே வரவில்லை. முதலில் பாட்டரிகளை அளக்க வேண்டும். அதுவும் பெட்டியின் சுவிட்சைப் போட்ட நிலையில். தளர்ந்த பாட்டரியும் சும்மா இருக்கும்போது ஒன்றரை வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டி நம்மை ஏமாற்றும். சுமை ஏறியதும் அதன் உண்மை வெளிப்படும். ஆறு வோல்ட் சரியாக இருந்தால், வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்குரூ டிரைவரின் முனையால் தொடுங்கள். 'கர்' என்றோ 'டிக்' என்றோ ஒலி கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை நலம். பழுது முன்பாதியில் உள்ளது. (இதைப் பாட்டரிப் பெட்டியில் மட்டுமே செய்க. பழைய வால்வு வானொலிகள் சிலவற்றில் உட்சட்டமே மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் உயிர் போகும்.)

முன்பாதியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நன்றாகப் பாடும் இன்னொரு வானொலி போதும். மத்திய அலைப் பெட்டிகளுள் பெரும்பாலானவை தாம் கேட்கும் நிலையத்தின் அலைவெண்ணைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மிகுதியாக ஓர் அலையைத் தமக்குள்ளேயே உண்டாக்குகின்றன. நல்ல பெட்டியை 1175இல் வைத்து, பழுதான பெட்டியை அதனருகே வைத்து, அதன் முள்ளை 720ஐச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். நல்ல பெட்டியில் ஒரு சீழ்க்கை எழுந்தால் மற்றதன் அலையாக்கி உயிரோடிருக்கிறது என்று பொருள். எனக்கு இதைக் கற்பித்தவர் எவருமிலர். பழைய நூலொன்றில் படித்து, நள்ளிரவில் செய்து பார்த்து, வீட்டார் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

வானொலிப் பெட்டி அருகிவிட்ட இந்நாளில் இது எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். எல்.ஈ.டி. விளக்கும் கைப்பேசி சார்ஜரும் இதே முறைக்கு அடங்குவனவே. ஆனால் அவற்றுள் ஓர் இடர் உண்டு. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாகும்போது உள்ளிருக்கும் கண்டென்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது எஞ்சியிருக்கலாம். குண்டு பல்பு ஒன்றின் இரு வயர்களை அதன் கால்களில் தொட்டு மின்னூட்டத்தை வடித்த பிறகே கைவைக்க வேண்டும். அதே குண்டு பல்பைப் பழுதான பொருளோடு தொடரிணைப்பில் வைப்பது சீரிஸ் போர்டு. 100 வாட் பல்பானால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகவே மின்னோட்டம் பாயும். பல்பு முழு ஒளியுடன் எரிந்து ஷார்ட் உண்டென்று காட்டிவிடும். எல்.ஈ.டி. பல்பு இதற்குப் பயன்படாது.

இனி நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகின்றேன்.

எங்கள் தெருவில் ஓரிரவு சில வீடுகளின் விளக்குகள் கண்கூசும்படி எரிந்து வெடித்தன. அதே நேரத்தில் வேறு வீடுகளில் அவை மங்கிச் சிவந்தன. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்ததால் நேர்ந்தது அது. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் உண்டு. நியூட்ரல் இல்லையேல் இரு வீடுகளும் அந்த 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒரு வீட்டில் 100 வாட் பல்பு மட்டும், மற்றொன்றில் 1000 வாட் ஹீட்டர் என்று கொள்வோம். கணக்கிட்டால் பல்பின்மீது ஏறத்தாழ 364 வோல்ட், ஹீட்டரின்மீது 36 வோல்ட். குறைவாகச் செலவிடும் வீடே அழியும். ஒரே விளக்கு எரியும் குடிசை எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு ஓர் அடையாளமுண்டு. பிளக் பாயின்ட்டின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கக் கூடும். மெயின் சுவிட்சை உடனே அணைத்துவிட்டு, மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கம்பத்தில் ஏறாதீர்கள். அவசரம் என்றால் ஊரார் நம் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். 'நீதான் கெட்டிக்காரன், ஏறு' என்பார்கள். லைன் அணைந்துவிட்டது என்று வாயால் சொல்வதை நம்பி ஏறியவர்களை நான் அறிவேன். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்காதீர்கள்.

நில இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்ட்டின் மூன்றாம் துளை வெறும் துளையே. சிலர் ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டால் போதும் என்பர். அக்கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை இருந்தால், கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசியும்போது பாய்வது 4.6 ஆம்பியரே. 16 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. கிரைண்டர் தொடுவோரைக் கொல்லும் நிலையிலேயே நிற்கும். ஆதலின் நில இணைப்போடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். நில இணைப்பு இல்லையென்று மூன்றாம் துளையை நியூட்ரலோடு முடிந்துவைக்கும் வயர்மேன்களும் உளர். நியூட்ரல் அறுந்த அன்று அது கிரைண்டரின் உடலுக்கே மின்சாரத்தை அனுப்பும். உங்கள் வீட்டில் அவ்வாறிருந்தால், தகுதிபெற்ற வயர்மேனைக் கொண்டு இன்றே பிரிக்கச் சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சார வளர்ச்சியும் அவர் பொறுப்பில் இருந்தது. 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது அக்காலத்தில்தான். மலிவான மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்பது அவர் கருத்து. அந்த மின்சாரத்தைக் கம்பி இழுத்துக் கொண்டுவந்தவர்களுள் நம்மவர் பலர்; ஆயினும் ஏடுகளில் அவர்கள் 'உதவியாள்' என்றே இருந்து மறைந்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் சான்றில்லாமை. அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குச் சென்றால், வயரிங் பணி செய்ததற்கான அனுபவச் சான்றைக் கேட்பார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ஒரு தாள் இல்லாமல் திரும்பி வந்த தம்பிகளைக் கண்டிருக்கின்றேன். எந்த நாளில் எந்த இடத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் பணியை விட்டு விலகும்போது கூச்சமின்றிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கத்தின் படிப்பகத்தில் இரண்டு மல்டிமீட்டர்களை வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். அவை பூட்டிய அலமாரியில் இருக்கா, மேசைமீது இருக்கும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் பழுதாகிக் கிடப்பதில் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு எவரிடமேனும் இருந்தால் அதையும் கொண்டுவர வேண்டுகின்றேன்; கடைகளில் அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை.