பிள்ளைகள் கல்வித் தேர்ச்சிக்கு வேண்டுவன



பிள்ளை பரீட்சையில் தவறினால் அவன் தலையெழுத்தென்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமன்று.

நமது காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த காலெட் துரை நெசவாளரைக் குடியேற்றிய ஊர். அவர் பெயரே இவ்வாறு மருவிற்று. நெசவு வீடுகளில் தார் சுற்றச் சிறு கைகளும் வேண்டியிருந்தன. அவ்வாறு பள்ளியை இழந்த பிள்ளை, புத்திக் குறைவால் இழந்தானல்லன்.

பசியும் அத்தகையதே. சர் பிட்டி தியாகராய செட்டியார் சென்னை நகரசபைத் தலைவராயிருந்த 1920இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டியளிக்கத் தீர்மானமாயிற்று. பின்னர் வேறு நான்கு பள்ளிகளிலும் அது பரவிற்று. அங்கெல்லாம் 1922-23இல் 811 ஆயிருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. 1925இல் அரசாங்கம் செலவை அனுமதியாமையால் அது நின்றது. 1956இல் காமராஜர் மதிய உணவை இராஜ்யமெங்கும் பரப்பினார். 2022 முதல் காலை உணவும் வந்துள்ளது.

எனினும், சோறு பிள்ளையைப் பள்ளிவரை கொண்டுவரும், பாடம் மனத்தில் நிற்க நல்ல நித்திரையும், இரவில் விளக்கடியில் ஓரிடமும், “இன்று என்ன படித்தாய்?” என்னும் தாயாரின் கேள்வியும் வேண்டும். இவை நம் கையில் உள்ளன.

கடன் தவணைக்காகப் பிள்ளையை வேலைக்கனுப்புவது, விதைநெல்லைக் குத்தி உண்பதை ஒக்கும். தவணை தவறும்போலிருந்தால் முன்னதாகச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள்.