முதுமையிற் குடியிருக்க இடந்தெரிதல்
(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, கல்வி நிதியைப் பற்றியேனும், திருமணச் செலவைக் குறைத்தல் பற்றியேனும் பேசலாம் என்று எண்ணினோம். அவ்விஷயங்களை எம்மினும் நன்கறிந்தோர் இவ்வவையிற் பலர் உளர். யாம் பொருளையும் மனவமைதியையும் இழந்து கற்றுக்கொண்ட விஷயம் வேறொன்று உண்டு. குளிர்நாடுகளில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர், வெயில் காயும் இந்நாட்டிற்குத் திரும்பி வருங்கால் எவ்விடத்திற் குடியிருப்பது என்பதே அது. அதனையே இன்று தங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

நம் குடும்பங்களிலிருந்து இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இளமையிற் சென்றோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கின்றனர். அவர்தம் மக்கள் அந்நாடுகளிலேயே வேரூன்றிவிட்டனர். இவர்களோ ஒவ்வொரு குளிர்காலத்தும், 'அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றனர். திரும்பலாமா என்று எம்மை வினவுவோர் பலர்; எங்கே திரும்புவது என்று வினவுவோர் மிகச் சிலர். முதல் வினாவினும் இரண்டாம் வினாவே கடினமானது என்பது எம் அனுபவம்.

யாம் 1986ஆம் ஆண்டு கனடாவிலுள்ள டொராண்டோ நகருக்குச் சென்றோம். முப்பத்தைந்து ஆண்டு அங்கே பணியாற்றினோம். அந்நகரில் ஜனவரி மாதத்து இரவுகள் உறைநிலைக்குக் கீழேயே கழியும். பகலில் இளகிய பனி இரவில் கண்ணாடிபோல் இறுகித் தெருவிற் படிந்திருக்கும். இளைஞர்க்கு அஃது ஒரு விளையாட்டு. முதியோர்க்கோ இடுப்பெலும்பை முறிக்கும் பகை. 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எம் மனைவியார் வீட்டு வாயிலில் வழுக்கி வீழ்ந்து மணிக்கட்டு முறிந்தார். அன்றே, ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவது என்று முடிவு செய்தோம். எவ்வூர் என்ற வினா எம் மனத்தில் எழவேயில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எம் முன்னோர் வாழ்ந்த மனை இருந்தது. அங்கே பணம் அனுப்பி, மாடியுடன் கூடிய பெரியதொரு வீட்டைக் கட்டுவித்தோம்.

இங்கே எம் முதற்பிழையைச் சொல்லவேண்டும். அவ்வூரை யாம் அறிந்ததெல்லாம் மார்கழி மாதத்தில்தான். ஆண்டு விடுமுறை டிசம்பரில் வரும். மூன்று வாரம் தங்குவோம். வயல் பசுமையாயிருக்கும், விடியலிற் பனி இறங்கும், உறவினர் வெளியூர்களிலிருந்து வந்து கூடுவர். அம்மூன்று வாரத்தைக் கண்டு ஆண்டு முழுவதையும் கணித்துவிட்டோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எம் தோப்பும் அன்றே அழிந்தது. அச்செய்தியைத் தொலைபேசியிற் கேட்டு வருந்தினோமேயன்றி, அஃது எமக்கொரு பாடம் என்று கொள்ளவில்லை.

2022ஆம் ஆண்டு சித்திரையில் வந்து குடியேறினோம். பகல் வெயிலுக்கு அஞ்சியிருந்தோம். உண்மையில் எம்மை வருத்தியது இரவு. பகலெல்லாம் வெயிலை உண்ட காங்கிரீட் கூரை, இரவெல்லாம் அவ்வெப்பத்தை அறைக்குள்ளே உமிழ்ந்தது. முதுமையில் தாகவுணர்ச்சி குறையும். வியர்க்கும் ஆற்றலும் குறையும். இரத்தக் கொதிப்பிற்கு உட்கொள்ளும் மாத்திரைகளிற் சில சிறுநீரை மிகுதியாய்ப் போக்குவன. குளிர்நாட்டு மருத்துவர் அந்நாட்டுக்கேற்ப வகுத்த அளவையே எம் மனைவியார் இங்கும் உண்டுவந்தார். வைகாசியில் ஒருநாள் நள்ளிரவு அவர் எழுந்து, தாம் எங்கிருக்கிறோம் என்றறியாது பிதற்றி, மயங்கி வீழ்ந்தார். இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிட்டது என்று பின்னர்த் தெரிந்தது.

அவ்விரவில் யாம் யாரை அழைத்தோம்? பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், மற்றொருவர் திருப்பூரில். தெருவில் நம்மவர் வீடுகள் பதினொன்றில் ஏழு பூட்டியே கிடந்தன. எஞ்சியவற்றில் இருந்தோர் எம்மினும் முதியோர். ஓடிவந்தவர் அடுத்த தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றும் அம்மையார். அவர் மகன் வாடகைக் கார் ஓட்டுபவர். அவ்விருவரும் எம் மனைவியாரைத் தூக்கிச் சென்று ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர் சேர்த்தனர். அவர்கள் நம் குலத்தவர் அல்லர். நம் சங்கத்தின் மேடையில் இதனைச் சொல்வது தகுமோ என்று ஒருகணம் தயங்கினோம்; சொல்லாதிருப்பது நன்றிகேடு என்று தெளிந்தே சொல்கின்றோம். நம்மவர் நடுவே வாழ்வதே காப்பு என்று எண்ணி ஊர் திரும்பினோம். நம்மவர் ஊரிலில்லை, இருந்தவர் நமக்குக் காப்பானார்.

மனைவியார் உடல் தேறியபின் ஒருநாள் எம்மிடம் ஒன்று சொன்னார். "இது உங்கள் ஊர். இங்கே உங்களுக்கு இளமை நினைவு இருக்கிறது. எனக்கு இது வாழ்க்கைப்பட்டு வந்த ஊர். அதிலும் எட்டு மாதம் வாழ்ந்துவிட்டு விமானம் ஏறினேன். உங்களுக்குப் பின் இப்பெரிய வீட்டில் நான் யாரோடு இருப்பேன்?" நாற்பதாண்டு இல்லறத்தில் யாம் கேட்டிராத வினா அது. யாம் கட்டிய வீட்டின் வரைபடத்தைக்கூட அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கவில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. ஆறு திங்களுக்குப்பின் தஞ்சையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபுகுந்தோம். கடைத்தெருவும் மருத்துவமனையும் நடந்துபோகும் தொலைவிலுள்ளன. இன்றளவும் அங்கேயே வாழ்கின்றோம்.

எம் கதை நிற்க. நம்மவர் நாடும் இடங்கள் ஒவ்வொன்றையும் பற்றிச் சிறிது கூறுவோம்.

சென்னையை நாடுவோர் மருத்துவ வசதியையும் விமான நிலையத்தையும் கருதி நாடுகின்றனர், அது நியாயமே. அங்கே பிற்பகலில் வீசும் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கும். காற்றிலுள்ள ஈரமோ வியர்வையை உலரவிடாது. 2015 டிசம்பரில் வெள்ளம் வீடுகளுட் புகுந்ததையும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தண்ணீர் வண்டிக்காக மக்கள் காத்துநின்றதையும் மறத்தலாகாது. வீடு பார்ப்போர் அவ்விரண்டு ஆண்டிலும் அத்தெரு எப்படியிருந்தது என்று அங்குள்ளோரையே வினவவேண்டும்.

கோயம்புத்தூர் கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்திலுள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வரும் காற்று அந்நகரைக் குளிர்விக்கும். முதியோர்க்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகளும் அங்கே பல உள. அத்தகைய குடியிருப்பிற் சேருமுன் கேட்கவேண்டியவை சில. நாம் வாங்குவது வீட்டையா, ஆயுள்வரை தங்கும் உரிமையையா? தம்பதியரில் ஒருவர் மறைந்தபின் மற்றவர் செலுத்தவேண்டிய தொகை எவ்வளவு? படுக்கையில் வீழ்ந்தால் அங்கேயே வைத்துப் பேணுவரா, வெளியே அனுப்புவரா? இவற்றிற்கு விடை எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

உதகையையும் கோடைக்கானலையும் விரும்புவோர், வெளிநாட்டுக் குளிருக்குப் பழகிய உடலுக்கு அதுவே ஏற்றது என்பர். அவ்விரண்டும் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளவை. இருதய நோயும் மூச்சு நோயும் உடையோர் மருத்துவரைக் கேளாது அவ்வுயரத்திற் குடியேறுதல் தகாது. பெருநோய் வந்துற்றால் மலைப்பாதையில் இறங்கவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து அப்பாதை அடைபடுவதும் உண்டு.

தென்பாண்டி நாட்டையும் சிலர் நாடுகின்றனர். வெயில் மிகுந்த நாடு என்று மழையை மறந்துவிடலாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஊர்கள் பல நீராற் சூழப்பட்டுத் துண்டிக்கப்பட்டன. ஆகையால் குறையில்லாத இடம் ஒன்றைத் தேடுதல் வீண். நம் உடலும் பொருளும் தாங்கத்தக்க குறையுடைய இடம் எது என்பதே ஆராயத்தக்கது.

பொருள் பற்றியும் சொல்வோம். இங்கிலாந்து அரசு தரும் முதுமை உபகாரச் சம்பளம், இந்தியாவில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. வந்து குடியேறிய நாளின் அளவிலேயே நின்றுவிடும். கனடாவின் முதியோர் உதவித்தொகையை அந்நாட்டிற்கு வெளியே நிலையாக வாழ்ந்து பெறவேண்டுமாயின், பொதுவாகப் பதினெட்டு வயதிற்குப்பின் 20 ஆண்டேனும் அங்கே வசித்திருத்தல் வேண்டும். அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்நாட்டு மருத்துவச் செலவை ஏற்பதில்லை. இங்கே 65 வயது கடந்தோர்க்குப் புதிய காப்பீடு மறுக்கப்படும் வயது வரம்பு 2024இல் நீங்கியது. ஆயினும் முன்னரே உள்ள நோய்களுக்குப் பயன்பெற மூன்றாண்டுவரை காத்திருக்க நேரிடும். அக்காலத்திற்கான மருத்துவப் பணத்தைத் தனியே எடுத்துவைத்தபின்னரே வீட்டைப் பற்றி நினைத்தல் வேண்டும்.

அந்நியக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர் இங்கே வீடு வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணைவீடும் விலைக்கு வாங்குதல் கூடாது. பரம்பரையாய் வந்தடைவது வேறு. இதனை அறியாது உறவினர் பெயரில் நிலம் வாங்கிப் பின் வழக்காடுவோர் உளர். மற்றொன்று: பேணுவார் என்று நம்பிச் சொத்தை மகனுக்கோ மருமகனுக்கோ எழுதிக்கொடுப்போர், பேணவேண்டும் என்னும் நிபந்தனையை அப்பத்திரத்திலேயே எழுதுவது நலம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்நிபந்தனை தவறினால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்க இடமளிக்கின்றது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்கு முறையிடலாம். இதனை எழுதக் கேட்பது அன்புக்குக் குறைவாகாது.

இனி யாம் கண்ட முடிவு இது. வாங்குமுன்னும் கட்டுமுன்னும், நாடிய ஊரில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருங்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அங்கேயே காணுங்கள். வந்த முதல் வாரத்திலேயே பழைய மாத்திரைகளை இந்நாட்டு மருத்துவரிடம் காட்டி அளவைக் கேளுங்கள். கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது. நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் எக்குலத்தவராயினும் அவரோடு பழகுங்கள். தம்பதியரில் பின்னே தனித்து வாழப்போகிறவர் யாராயினும் அவர்க்கு அவ்வூர் ஏற்குமா என்று இருவரும் கூடிப் பேசுங்கள். மனைவிமார் கருத்தைக் கேளாது இடந்தெரிதல் பாதி வீட்டைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. நம்மவர் பூட்டிவைத்துள்ள வீடுகள் ஊர்தோறும் கிடக்கின்றன. திரும்பிவரும் முதியோர் ஓராண்டு தங்கிப் பார்க்க, அவற்றிற் சிலவற்றை நியாயமான வாடகைக்குத் தருமாறு உரியவர்களைச் சங்கம் கேட்டல் வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்து எம் வீட்டை முதலில் தருகின்றோம். சாவியைச் செயலாளர் அவர்களிடம் இன்றே ஒப்படைக்கின்றோம். கீழ்த்தளத்திற் காற்று நன்றாய் வரும் அறை கிழக்குப் பக்கத்தது. பால் ஊற்றும் அம்மையாரின் வீடு அடுத்த தெருவில் மூன்றாவது. குடிவருவோர் முதலில் அங்கே சென்று தம்மை அறிமுகம் செய்துகொள்வாராக.