விசிறி நின்றால் ஆள் வெளியே!

(ஆமத்தூரில் தொழிலாளர்களிடையே ஆற்றிய பேச்சு)



ஆமத்தூரில் நின்றுகொண்டு நிலக்கரிச் சுரங்கத்து விசிறியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். நம் ஜில்லாவில் கரி கிடையாது. நெய்வேலியிலும் திறந்தவெளியில்தான் வெட்டுகிறார்கள். பாதாளத்தில் இறங்கிக் கரி வெட்டுகிறவர்கள் ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணித் தொழிலாளர்கள். ஆனால் அவர்களுடைய கஷ்டம் நமக்குப் புதிதல்ல.

கிணற்றில் தூர் வாருகிறவர் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. சுரங்கத்தில் அபாயம் வேறு மாதிரி. அங்கே கரியிலிருந்து மீதேன் வாயு கசிகிறது. நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட லேசானது, கூரையோரம் சேரும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். (சாக்கடைக் குழியிலும் இதே வாயு உண்டு. அங்கே விளக்கை இறக்கவே கூடாது.)

சுரங்கத்துக்கு மேலே பெரிய விசிறி ஓடுகிறது. ஆனால் புதிதாகக் குடைந்து போகிற, மறுமுனை அடைபட்ட வழிக்குள் அந்தக் காற்று தானாகப் போகாது. அதற்குத்தான் துணை விசிறி. நல்ல காற்று ஓடும் பாதையில் அதை வைத்து, குழாய் வழியே கரி வெட்டும் இடம்வரை காற்றைச் செலுத்த வேண்டும். இடம் தவறி வைத்தால், உள்ளேயிருந்து திரும்பிவரும் கெட்ட காற்றையே மறுபடி இழுத்து உள்ளே தள்ளும். விசிறி ஓடுகிறதே என்று தொழிலாளி நம்பியிருப்பான்! குழாய் கிழிந்திருந்தாலும் அதே கதிதான். எர்த் இல்லாவிட்டால் மின்பொறி.

விசிறி நின்றால்? உடனே எல்லோரும் வெளியேற வேண்டும், அதுதான் சட்டம். வாயு 1.25 பங்கை எட்டினால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நின்ற விசிறியைச் சட்டென்று போடுவதும் ஆபத்து. உள்ளே தேங்கிய வாயு மொத்தமாக மற்றவர்கள் நிற்கும் பாதைக்கு வந்துவிடும். சோதித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல காற்றில் கலந்துதான் வெளியேற்ற வேண்டும். 1979 மார்ச்சில் இங்கிலாந்தின் கோல்போர்ன் சுரங்கத்தில் துணை விசிறி நின்ற வழியில் வாயு சேர்ந்தது. மின்பொறி பற்ற வைத்தது. 10 பேர் மாண்டார்கள்.

நம் நாட்டில் 1958இல் சினாகுரியில் 170 பேருக்கு மேல். 1965இல் டோரியில் 268 பேர். இரண்டும் அன்று தனியார் சுரங்கங்கள், இரண்டும் வெடிவிபத்துகள். 1973க்குள் சுரங்கங்கள் தேசியமயமாயின. 2020இல் வணிகச் சுரங்க ஏலம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலையில் கரித் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சட்டம் இருந்தும் ஆள் ஏன் வெளியே வருவதில்லை? பயமறியாதவன் என்பதாலா? இல்லை. டப்பாவுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கூலி வாங்குகிறவன் வெளியே உட்கார்ந்திருந்தால் அன்றைக்குக் கூலி குறையும். காண்டிராக்ட் தொழிலாளியாக இருந்தால் நாளைக்கு வேலையே இராது. வயிறுதான் அவனை உள்ளே பிடித்து வைக்கிறது.

நம் பட்டாசு அறைகளிலும் இதுதானே நடக்கிறது? அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி உண்டு. ஆர்டர் நெருங்கினால் விதி எங்கே போகிறது? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின.

ஆகவே கரித் தொழிலாளி, பட்டாசுத் தொழிலாளி இருவருக்கும் கோரிக்கை ஒன்றே: அபாயம் கண்டு வேலையை நிறுத்திய நேரத்துக்கும் முழுக் கூலி வேண்டும், காண்டிராக்ட் ஆள் உட்பட. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். அறை வாரியாக ஆள் கணக்கு எழுதி எடுத்து வாருங்கள்.