பொதுப்பணமும் பொதுவாசலும்

(றிச்மண்ட் ஹில்லில் நடைபெற்ற தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



றிச்மண்ட் ஹில்லிலே தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால், உரையாடல் விரைவிலேயே பிள்ளைகளின் படிப்பை நோக்கித் திரும்பிவிடுகின்றது. பொதுப் பாடசாலையா, கத்தோலிக்கப் பாடசாலையா, கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலையா என்பதே கேள்வி. அதனோடு மற்றொரு கேள்வியும் எழுகின்றது. தனியார் பாடசாலையைத் தெரிவு செய்யும் பெற்றோரும் வரி செலுத்துகின்றனர். அவ்வரியில் ஒரு பங்கு அவர்களின் பிள்ளையுடன் சேர்ந்து அப்பாடசாலைக்குச் செல்லக் கூடாதா?

கல்வி வவுச்சர் என்னும் திட்டத்தின் அடிப்படை இதுவே. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் பிறீட்மன் 1955 இல் முன்வைத்த இக்கருத்து, சிலியில் 1981 இலும் சுவீடனில் 1992 இலும் நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் வவுச்சர் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அதற்கு நெருங்கிய முயற்சிகள் இரண்டு இடம்பெற்றன.

முதலாவது, மைக் ஹரிஸ் அரசு 2001 இல் அறிவித்த வரிச்சலுகை. தனியார் பாடசாலைக் கட்டணத்தில் முதல் 7,000 டொலரின் ஒரு பகுதியைப் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுப்பதும், அதனைப் படிப்படியாக 50 விழுக்காடு, அதாவது 3,500 டொலர் வரை உயர்த்துவதும் திட்டமாக இருந்தன. 2003 இல் ஆட்சிக்கு வந்த லிபரல் கட்சி அதனை நீக்கியது.

இரண்டாவது, 2007 ஆம் ஆண்டுத் தேர்தலில் முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைவர் ஜோன் ரோறி அளித்த வாக்குறுதி. மாகாணப் பாடத்திட்டத்தை ஏற்கும் சமயப் பாடசாலைகளுக்கு அரசநிதி வழங்கப்படும் என்றார் அவர். தேர்தற் களம் முழுவதையும் அவ்வொரு விடயமே ஆட்கொண்டது. அவரது கட்சி தோல்வியடைந்தது. டொன் வலி மேற்குத் தொகுதியில் அப்போதைய கல்வி அமைச்சர் கத்லீன் வின்னிடம் அவரும் தோற்றார்.

ஆயினும் ரோறி சுட்டிக்காட்டிய முரண்பாடு பொய்யானதன்று. 1867 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93 ஆம் பிரிவு காரணமாக, ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு முழுமையான அரசநிதி கிடைக்கின்றது. சைவ, இசுலாமிய, யூதப் பாடசாலைகளுக்கு அது கிடைப்பதில்லை. இவ்வேறுபாடு அரசியலமைப்பிற்கு முரணானதன்று எனக் கனடிய உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவோ, 1999 இல், இது பாரபட்சமே எனக் கூறியது. கியூபெக்கும் நியூபவுண்ட்லாந்தும் 1990களின் இறுதியில் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தத்தம் சமயவாரிப் பாடசாலை முறையை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஒன்ராறியோ அதனைச் செய்யவில்லை.

ஈழத்தமிழருக்கு இவ்விவாதம் புதியதன்று. யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளிற் பெரும்பாலானவை மிசனரிமாராலும் சைவப் பெரியோராலும் தொடங்கப்பட்டவை. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னாளில் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் ஊர்கள்தோறும் பாடசாலைகளை நடத்தியது. சமூகம் நிறுவி நடத்த, அரசு நன்கொடை வழங்கிய பாடசாலைகள் அவை. அவற்றாலேயே தமிழர் கல்வியில் உயர்ந்தனர் என்பதை எவரும் மறுக்க இயலாது.

எனினும் அவ்வரலாற்றின் மறுபக்கமும் மறக்கப்படலாகாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டும் என அரசு பணித்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது, பாடசாலைகள் தீயிடப்பட்டன. பொதுப்பணத்தை விரும்பியவர்களிற் பலர், அதனோடு வந்த பொதுக்கடமையை விரும்பவில்லை.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவு திறந்தது. ஆனால் அரசின் கையில் இருப்பது மட்டும் நீதியாகிவிடாது என்பதையும் தமிழர் விரைவிலேயே கண்டனர். 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், அரசே ஒரு கதவைச் சாத்த வல்லது என்பதைக் காட்டியது.

சிலியின் பட்டறிவும் இதனையொத்ததே. அங்கே பணம் பிள்ளையைப் பின்தொடர்ந்து சென்றது. ஆனால் எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதை அரசநிதி பெற்ற பாடசாலைகள் பலவும் தாமே தீர்மானித்தன. மேலதிகக் கட்டணமும் அறவிட்டன. 2011 இல் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். அரசநிதி பெறும் பாடசாலைகள் இலாபமீட்டுவதையும், மாணவரைத் தெரிந்தெடுப்பதையும், பெற்றோரிடம் கட்டணம் அறவிடுவதையும் படிப்படியாக நீக்கும் சட்டம் 2015 இல் நிறைவேறியது.

ஆகவே, அரசா தனியாரா என்பதன்று முதற்கேள்வி. பொதுப்பணம் செல்லும் வாசலிலே எந்தப் பிள்ளையைத் திருப்பியனுப்ப முடியும் என்பதே முதற்கேள்வி. எவரையும் திருப்பியனுப்பாத பாடசாலைக்கே பொதுப்பணம் உரியது. இவ்வளவுகோலைக் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அவற்றின் உயர்நிலை வகுப்புகள் எல்லோருக்கும் திறந்திருப்பினும், தொடக்கநிலை அனுமதியிற் சமயம் பார்க்கப்படுகின்றது. பொதுப் பாடசாலையும் இதிலிருந்து தப்ப முடியாது. பெயர்பெற்ற பாடசாலையின் எல்லைக்குள் வீடு வாங்க வசதியுள்ளோருக்கே அதன் வாசல் எளிதிற் திறக்கின்றது. கட்டணம் என்ற பெயர் அதற்கில்லை, விலை உண்டு.

தமிழ்மொழிக்காகவே தனிப் பாடசாலை தேவை என்போர், கையிலுள்ள உரிமையை முதலிற் பயன்படுத்துதல் நன்று. ஒன்ராறியோவில் 25 மாணவரின் பெற்றோர் கோரினால், தொடக்கநிலை மாணவருக்கான மொழி வகுப்பைப் பாடசாலைச் சபை ஒழுங்கு செய்தல் வேண்டும். வாரத்திற்கு இரண்டரை மணித்தியாலம் வரை அவ்வகுப்பு நடைபெறலாம். உயர்நிலையில் தமிழைத் திறமைப்புள்ளி பெறும் பாடமாகவும் பயிலலாம். இவை வசதிபடைத்தோரின் பிள்ளைக்கு மட்டுமன்றி, இரண்டு வேலை பார்த்து அடித்தள வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் பிள்ளைக்கும் கிடைப்பவை. பெற்றோர் கேட்காவிட்டால் வகுப்பு இல்லை; பிள்ளைகள் வராவிட்டால் தொடங்கிய வகுப்பும் நிலைக்காது.

தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது பெற்றோரின் கடமை. தனியார் பாடசாலையை நாடுவோரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் பொதுப்பணத்தைக் கோரும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே வாசல் திறந்திருக்கின்றதா எனக் கேட்க வேண்டிய கடமையும் சேர்ந்தே வருகின்றது. ஒருகாலத்தில் தன் பிள்ளைகளிற் சிலரை நிலத்தில் இருத்திய சமூகம், பின்னர் தானே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகம், அக்கேள்வியை மறத்தல் ஆகாது.