ஆரஞ்சு மைல்கல் ரோட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை

இன்னைக்கு எபிசோட்ல விருந்தாளி யாரும் இல்ல, நான் மட்டும்தான். பேசப் போறது சைக்கிள் பத்தி. எந்த சைக்கிள் வாங்கலாம்ங்கற ரிவ்யூ இல்ல. எத்தனை கிலோ குறையும்ங்கற கணக்கும் இல்ல. வண்டிச் சத்தம் இல்லாத ரோட்டுல மெதுவா மிதிச்சுப் போறதைப் பத்தி மட்டும்தான்.

நான் இருக்குறது நெருப்பெரிச்சல், திருப்பூருக்கு வடக்கால. வீட்டுக்கு ஒரு பக்கம் நிட்டிங் ஷெட், இன்னொரு பக்கம் பிரிண்டிங் யூனிட். ராத்திரி மெஷின் ஓடுற சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டோம். மெஷின் நின்னாத்தான் முழிப்பு வரும். வேலை ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சன்டைசர். ஷிப்மெண்ட் நெருங்கிட்டா டையிங், செக்கிங், பேக்கிங்னு ஆளாளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு கட்டத்துல போன் அடிக்காதப்பவே அடிக்கிற மாதிரி கேக்க ஆரம்பிச்சுது. அப்பத்தான் சைக்கிள் வாங்குனேன்.

அதைப் பார்த்துட்டு அப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "ஏஞ்சாமி, இதுல இருந்து எறங்கத்தானே நாங்க இத்தனை வருசம் பாடுபட்டோம்?"

அப்பா 80-கள்ல ஊத்துக்குளிப் பக்கத்து கிராமத்துல இருந்து தெனமும் சைக்கிள்ல பனியன் கம்பெனிக்கு வந்தவரு. ஹேண்டில்பார்ல தூக்குப்போசி தொங்கும். ராத்திரி ஓவர்டைம் முடிச்சு இருட்டுல திரும்பிப் போவாரு. அவருக்கு சைக்கிள்னா இல்லாமை. எனக்கு அப்போ சைக்கிள்னா ஆப்ல காட்டுற நம்பர்.

கொல்லிமலையும் ஒரு பொய்யும்

வாங்கி மூணு மாசத்துல ஒரு குரூப்போட கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளியில இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. என்னோடது ஒரே கியர் சைக்கிள். பார்க்க நல்லா இருக்குன்னு வாங்குனது. ஒன்பதாவது வளைவுலயே நெஞ்சு அடைச்சுக்கிச்சு. எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. நான் எறங்கி கொஞ்ச தூரம் தள்ளிட்டு, அப்படியே திரும்பி அடிவாரத்துக்கு வந்து உக்காந்துட்டேன். ஆனா ஸ்டேட்டஸ்ல என்ன போட்டேன் தெரியுமா? மலை போட்டோவும், "70/70" அப்படின்னும். ஆபீஸ்ல எல்லாரும் கை குடுத்தாங்க. வீட்டுல அப்பாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அதுக்கப்புறம் ஆறு மாசம் சைக்கிளைத் தொடவே இல்ல.

ரிப்பன் ஊர்ல ஒரு பட்டு வியாபாரி

பிரான்ஸ்ல இருந்து ஒரு பையர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருந்தாரு. சாப்பிடுறப்ப பேச்சு சைக்கிளுக்குத் திரும்புச்சு. லீவு நாள்ல அவங்க ஊர் மலைக் கிராமங்கள் வழியா, கார் அதிகம் வராத சின்ன ரோடுகளாப் பார்த்து ஊர் ஊரா சைக்கிள்ல போவாராம். அப்ப அவர் சொன்ன ஒரு பேர்தான் பால் தெ விவி. நான் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

பால் தெ விவி 1853-ல பொறந்தவரு. செயிண்ட் எட்டியன்ங்கற ஊர்ல பட்டு வியாபாரம் பண்ணாரு. அந்த ஊர் ரிப்பன் நெசவுக்குப் பேர் போனது. அதாவது நம்ம ஊர் மாதிரி ஒரு நூல் ஊர்! வெலோசியோங்கற புனைபேர்ல எழுதுவாரு. 1887-ல சைக்கிளுக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. ஊருக்குப் பக்கத்துல இருக்குற மலைக் கணவாய்க்கு மறுபடி மறுபடி ஏறுனாரு. சைக்கிளுக்கு ஒண்ணுக்கு மேல கியர் வேணும்னு விடாம எழுதுனாரு. ஆனா டூர் டி பிரான்ஸை நடத்துனவங்களுக்கு கியர்னா பலவீனம். ஓடும்போதே செயின் மாறுற கியரை அந்தப் போட்டியில 1937-ல்தான் அனுமதிச்சாங்க. அதுக்கு 7 வருசம் முன்னாடியே வெலோசியோ போயிட்டாரு. மலை ரோட்டுல இல்ல, சொந்த ஊர்லயே டிராம் மோதி.

சைக்கிள் பயணம் போறவங்களுக்கு அவர் சில விதிகள் எழுதியிருக்காரு. பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்குறதுக்கு முன்னாடி தண்ணி குடி, அடுத்தவனுக்குக் காட்டுறதுக்காக மிதிக்காதேன்னு போகும். கடைசி விதியைப் படிச்சப்ப என் ஸ்டேட்டஸ்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நம்ம ஊர் சின்ன ரோடு

சரி, பிரான்ஸ் ரோடு நமக்கு எங்க இருக்கு? மைல்கல்லைப் பாருங்க. தலையில மஞ்சள் அடிச்சிருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சுன்னா கிராமச் சாலை. நமக்கு வேண்டியது ஆரஞ்சு.

நெருப்பெரிச்சல்ல இருந்து வாவிபாளையம், கூலிபாளையம் வழியா வெளிய வந்தா நஞ்சராயன் குளம். பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துருச்சு. விடிஞ்சு கொஞ்ச நேரம் அங்க நிக்கலாம். அப்புறம் ஊத்துக்குளி, கதித்தமலை, அங்கிருந்து கத்தாங்கண்ணி, சென்னிமலை. மொத்தம் சுமாரா 35 கிலோமீட்டர். பெரிய மலை ஏத்தம் கிடையாது. மேடும் பள்ளமுமா நிலம் ஏறி எறங்கும். ஒவ்வொரு மேட்டுலயும் தூரத்துல சென்னிமலை தெரியும், பள்ளத்துல எறங்குனா மறைஞ்சுக்கும்.

சென்னிமலை தாண்டி காங்கேயம் பக்கம் போனா ரெண்டு பக்கமும் கொரங்காடு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: கிளுவை முள்ளால உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல், நடுநடுவுல வெள்வேல மரம். படலைச் சாத்திட்டா மாடு பாட்டுக்கு உள்ள மேயும். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லுலதான். இந்த ரோட்டுல பத்து நிமிசம் மிதிச்சீங்கன்னா உங்க செயின் சத்தம் உங்களுக்கே கேக்கும். எனக்கு முதல் தடவை அது கேட்டப்ப போன்தான் அடிக்குதுன்னு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

அப்பா எறங்குன மேடு

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா, "நானும் வாரேன்"னாரு. பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, ரெண்டு டயரும் மாத்தி, வெள்ளனவே கிளம்பிட்டோம். ஊத்துக்குளி தாண்டி, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் திரும்புனோம்.

அங்கயும் ரொம்ப அமைதி. ஆனா அது வேற மாதிரி. நொய்யல் குறுக்க 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின அணை. நம்ம ஊர் சாயத்தண்ணி வந்து தேங்கி, பாசனத்துக்கு ஆகாம போச்சு. சுத்துவட்டாரக் கிணறும் கெட்டுச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த நொய்யல் வழக்குலதான். அப்புறம் கழிவுநீரை வெளிய விடாம சுத்திகரிக்கிறவங்களுக்கு மட்டும் மறுபடி அனுமதி. அப்பா கரையில நின்னு, "இந்த ஆத்துல குளிச்சிருக்கேன் கண்ணு"ன்னாரு. நான் எதுவும் பேசல. என் சம்பளமும் சாயம் போட்ட துணியிலதான் வருது.

திரும்புற வழியில ஒரு மேடு. அப்பா பாதியில எறங்கி சாதாரணமா தள்ள ஆரம்பிச்சாரு. "ஏனுங்கப்பா, முடியலீங்களா?"ன்னேன்.

"முடியலைன்னு யாரு சொன்னா? மேடுன்னா எறங்கித் தள்ளுவோம். அப்பவெல்லாம் பாதி மேடு இப்படித்தான்."

நானும் எறங்கினேன். ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டே நடந்தோம். அப்பத்தான் கொல்லிமலை கதையை உள்ளபடி சொன்னேன். அவரு சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "ஒன்பது வளைவு ஏறுனயா? ஒன்பதும் ஏத்தந்தானே"ன்னாரு. மேல வந்ததும் எனக்கு முன்னாடி ஏறி உக்காந்து எறக்கத்துல போயிட்டாரு.

போறவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை போங்க. மத்த நாள்ல காலையில ஆளுகளை ஏத்திக்கிட்டு கம்பெனி வேனுங்க இதே சின்ன ரோட்டுல பறக்கும். விடியறப்ப கிளம்பி பத்து மணிக்குள்ள நிழலுக்கு வந்துருங்க. மார்கழி, தை நல்ல காலம். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்க இருந்து அடிக்கும். கிழக்க போறப்ப சொகமா இருக்கும், திரும்பறப்ப தெரியும். வேலமுள் டயரைக் குத்தும், அதனால பஞ்சர் சாமானும் பம்பும் கட்டாயம். நாய் தொரத்துனா மிரண்டு வேகமா மிதிக்காதீங்க, எறங்கி சைக்கிளைக் குறுக்க வச்சுக்கிட்டு நடங்க. கொரங்காட்டுப் படலைத் திறக்காதீங்க.

இன்னொண்ணு. போன மாசம் போனப்ப ஒரு கொரங்காட்டுல கிளுவை வேலியைப் பிடுங்கிட்டு மஞ்சள் கல்லு நட்டிருந்தாங்க, சைட்டு போட. அடுத்து அங்க தார் ரோடு அகலமாகும், வண்டி வரும். அதனால போறதா இருந்தா இந்த வருசமே போயிருங்க.

கொல்லிமலை ஸ்டேட்டஸ் பார்த்து கை குடுத்தவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, மன்னிச்சுக்கங்க. 9/70. அவ்வளவுதான்.