தனித் தம்ளர்

(ஒரு சேரி இரவுப்பள்ளியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. நான் டி.பி. பத்திப் பேசப் போறேன். நான் டாக்டர் இல்ல, பேங்க் கிளார்க். ஆனா இந்த நோய் என் கவுன்டர்லயே வந்து நின்னுச்சு.

ஒரு அக்கா. நம்ம சனம். பிரசவமாகி ஒரு மாசம்கூட ஆகல. காசநோயாளிகளின் சாப்பாட்டுக்காக அரசு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் 1000 ஆனது. அந்தக் காசு வந்திருக்கான்னு கேட்டாங்க. கணக்கு முடங்கிக் கிடந்தது. "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை வந்தப்பத்தான் "பிள்ளைய எங்கக்கா?"ன்னு கேட்டேன்.

"கிட்டயே விட மாட்றாங்க சார். பால் குடுக்காதேன்னு மாவுப்பால் கரைச்சு ஊத்துறாங்க. எனக்குத் தட்டு, தம்ளர் எல்லாம் தனி."

டீக்கடையில் நமக்கென்று வைத்த தனித் தம்ளரை எதிர்த்து அடிபட்டவர்கள் நாம். அதே தம்ளர் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது?

இந்த நோய் தீட்டு அல்ல. 1882-இல் ராபர்ட் காக் கண்டு சொன்ன ஒரு கிருமி. இருமும்போது காற்றில் பரவும். தொட்டால் ஒட்டாது, தட்டாலும் தம்ளராலும் ஒட்டாது. தாய்ப்பாலிலும் போகாது. காற்றுப் புகாத ஒற்றை அறையும் அரைவயிறும்தான் அதற்கு வசதி. அந்த அறையை நமக்கு ஒதுக்கியது யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதிக்கு வீட்டிலேயே மருந்து. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. மருந்து ஆரம்பித்தால் தொற்றும் வேகம் சீக்கிரம் குறைந்துவிடுகிறது. உலகமே இதைச் சென்னையிடம் கற்றது. நம்ம தெரு மட்டும் இன்னும் கத்துக்கல.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளியைச் சோதிக்க வேண்டும். இன்றைய மூலக்கூறு சோதனை ரெண்டு மணி நேரத்தில் கிருமியைக் காட்டும். ரிஃபாம்பிசின் கேட்குமா என்றும் சொல்லும். சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மருந்து. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சுன்னு மாத்திரையை நிறுத்தினா, மருந்து கேளாத டி.பி.யா திரும்பி வரலாம்.

பச்சைக்குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது. பால் குடிக்காமல், எடை ஏறாமல் இருப்பதே அறிகுறியாகலாம். குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பார்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. மூளையைத் தாக்கும் கொடிய டி.பி.யிலிருந்து பெருமளவு காக்கும், எல்லா டி.பி.யையும் தடுக்காது. மருந்து சாப்பிடும் தாய் வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். மருந்து கேளாத டி.பி. என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

சோறும் மருந்துதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். அப்படியானால் நான் சொன்ன "நாளைக்கு வாங்க" வெறும் வார்த்தையா? ஒரு தட்டுச் சோற்றைத் தள்ளி வைத்த வார்த்தை. அதைச் சொன்னவன் நம்மாளுதான்.

அன்னைக்கே படிவத்தை நானே நிரப்பிக் கணக்கை உயிர்ப்பித்தேன். சாயங்காலம் நர்சம்மாவோட அந்த வீட்டுக்குப் போனேன். மாமியாரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பிள்ளையத் தூக்கி மருமக மடியில வச்சாங்க.

படிச்ச பிள்ளைங்க நீங்க. உங்க தெருவுல இருமுறவங்களோட சளி டப்பாவை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. முடங்கின பாஸ்புக்கை எங்கிட்ட கொண்டுவாங்க. ஜன்னல் இல்லாத வீட்டுக்கு ஜன்னல் கேட்டுப் போராடுவோம்.

முதல்ல அந்தத் தனித் தம்ளரைத் தூக்கி எறியுங்க.