நீச்சற் பந்தயமும் தலைவிதியும்

(புதுவை நகரில் ஒரு கூட்டத்தில் பேசியது)



கடலை வாசலிலே வைத்திருக்கும் புதுவையில் நீச்சலைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீராம்பட்டினத்துத் தோழர்கள் சிரிக்கலாம். அலையிலே வளர்ந்தவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லைதான். நான் பேசப்போவது கடிகாரத்தோடு போட்டி போட்டு நீந்திய ஒருவரைப்பற்றி.

அவர் பெயர் வீர்தவல் காடே, கோலாப்பூர்க்காரர், 1991இல் பிறந்தவர். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 16. 2010இல் குவாங்சோ ஆசியப் பந்தயத்தில் 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இந்தியர் ஒருவர் அங்கு நீச்சலில் பதக்கம் பெற்று அப்போது 24 வருஷமாகியிருந்தது. மராட்டிய சர்க்கார் மகிழ்ந்து தாசில்தார் உத்தியோகம் கொடுத்தது. நம்மவர்களுக்கு உத்தியோகம் கிடைத்தால் மோட்சம் கிடைத்த மாதிரி. ஆனால் தாசில்தார் கச்சேரிக்குள் நீச்சல் குளம் இல்லையே! சில வருஷம் போட்டியை விட்டு விலகியிருந்து, பிறகுதான் மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.

2018இல் ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயம். 50 மீட்டர் பிரீஸ்டைல். காலைச் சுற்றில் 22.43 விநாடி, அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. மாலையில் முடிவுப் பந்தயத்தில் 22.47. மூன்றாவதாக வந்த ஜப்பானியர் நக்காவோவுக்கு 22.46. நூறில் ஒரு விநாடியில் பதக்கம் போயிற்று! தூரமாகக் கணக்கிட்டால் ஒரு கட்டைவிரல் அகலம். காலையில் நீந்திய வேகமே மாலையிலும் இருந்திருந்தால் வெண்கலம் அவருக்குத்தான்.

உடனே தலைவிதி என்பார்கள், சனி பார்த்தான் என்பார்கள். சனிபகவான் அளவுகோலோடு குளத்தங்கரையிலா உட்கார்ந்திருக்கிறார்? பலகையிலிருந்து பாய்வதில், ஒரு மூச்சுக்குத் தலையைத் திருப்புவதில், சுவரைத் தொடுகின்ற கையில் அந்த அளவு கூடும், குறையும்.

1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல். முன்னே வந்த அமெரிக்கர் மாட் பியான்டி, கடைசியில் இன்னொரு கைவீச்சு போடாமல் மிதந்தபடியே சுவருக்குக் கை நீட்டினார். பக்கத்தில் அந்தோனி நெஸ்டி வீசிக்கொண்டே வந்து தொட்டார். நெஸ்டிக்கு 53.00, பியான்டிக்கு 53.01. நெஸ்டி, சுரினாம் என்னும் சின்னஞ்சிறு நாட்டுக் கருப்பர். நாட்டில் வசதி போதாமல் அமெரிக்கா போய்ப் பழகியவர். கருப்பர் உடம்பு மிதக்காது, எலும்பு கனம் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பல ஊர்ப் பொதுக்குளங்களில் அவர்களை நெடுங்காலம் இறங்கவே விடவில்லை. விடாமல் வைத்துவிட்டு, பிறவி அப்படி என்றார்கள்!

இந்த வித்தை நமக்குப் புதிதா? காடே பிறந்த அதே மராட்டிய நாட்டில், 1927இல் மகாத் ஊர்ச் சவுதார் குளத்தில் தோழர் அம்பேத்கரும் அவரோடு போனவர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அம்மக்களுக்கு அடி விழுந்தது. பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். குடிக்கவே விடாத தண்ணீரில் எந்தப் பிள்ளை நீந்திப் பழகும்? இங்கே எத்தனை நெஸ்டிகள் குளத்தங்கரையிலேயே நின்றுபோனார்களோ!

காடே ஜகார்த்தாவோடு ஓய்ந்துவிடவில்லை. 2023இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டில், 32 வயதில், 50 மீட்டர் பிரீஸ்டைலில் முதலாவதாக வந்தார். பெண்கள் பந்தயத்தில் முதலாவது யார் தெரியுமா? அவருடைய துணைவியார் ருஜுதா. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதோடு அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் இப்போது கேட்கலாம். ஜாதகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரவேண்டாம்.